மரமில்லாத ‘மர’ மட்டை



விசை பற்றிய பாடத்திற்குப் பொருள்கள் கொண்டுவருமாறு ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கூறியிருந்தேன். ஒருவன் பழைய கோல்ப் மட்டையோடு வந்தான். அவன் தந்தையார் கோல்ப் திடலில் புல் வெட்டும் பணியாளர். “ஐயா, இது உலோகம்தானே? ஏன் ‘வூட்’ என்கிறார்கள்?” என்று வினவினான்.

பந்தை நெடுந்தொலைவு அடிக்கும் டிரைவர் மட்டையின் தலை, நெடுங்காலம் பெர்சிமன் எனும் கடின மரத்தால் ஆனது. கேரி ஆடம்ஸ் 1979இல் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மரம் போயிற்று, பெயர் நின்றுவிட்டது. 1991இல் வந்த காலவேயின் ‘பிக் பெர்த்தா’ 190 கன சென்டிமீட்டர் அளவுடையது. பின்னர் எடை குறைந்த டைட்டேனியம் வந்ததும் தலை இன்னும் பெருத்தது.

இதில் நல்ல அறிவியல் இருக்கிறது. உலோகத் தலையின் உள்ளே வெற்றிடம். எடை ஓரங்களுக்குப் போய்விடுகிறது. ஓர் அளவுகோலின் நடுவில் இரண்டு அழிப்பான்களை ஒட்டி, நடுவைப் பிடித்துத் திருகச் சொல்லுங்கள். பிறகு அவற்றை இரு முனைகளுக்கும் மாற்றித் திருகட்டும். முனையில் எடையிருந்தால் எளிதில் திரும்பாது. அதனால்தான் பந்து தலையின் நடுவில் படாவிட்டாலும் மட்டை அதிகம் முறுக்கிக்கொள்வதில்லை. தவறான அடியும் தொலைவு போகிறது!

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி டிரைவர் அடி 1980இல் ஏறத்தாழ 257 கெஜம். 2023இல் ஏறத்தாழ 300. விதி வகுக்கும் அமைப்புகள் 2004இல் தலைக்கு 460 கன சென்டிமீட்டர் என வரம்பிட்டன. என் கருத்தில் அது காலங்கடந்த வரம்பு. அடி நீண்டால் திடலும் நீள வேண்டியிருக்கிறது. 2001இல் 6,985 கெஜமாக இருந்த அகஸ்டா திடல் 2023இல் 7,545 கெஜம்.

நிலம் எங்கிருந்து வரும்? நம் நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் பல, வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறின. மட்டையால்தான் தோட்டங்கள் போயின என்று சொல்ல வரவில்லை. ஆயினும் நிலத்தை நீட்டுவதைவிட மட்டையைக் கட்டுப்படுத்துவதே முறை என்பேன். 2022 முதல், உயர்நிலைப் போட்டிகளில் மட்டையின் நீளத்தை 48 அங்குலத்திலிருந்து 46 ஆகக் குறைக்க விதி இடங்கொடுக்கிறது. அதை வரவேற்கிறேன்.

அம்மாணவன் போகும்போது இன்னொன்றும் சொன்னான். தந்தை புல் வெட்டும் அந்தத் திடலில்தான் தாத்தா பால்மரம் வெட்டினாராம். மட்டையை அறிவியல் மூலையில் வைத்திருக்கிறோம்.