நேரம் உள்ள டாக்டர்

நாவல் படிக்கிற நம்மவர்களுக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. டெலிவிஷன் தொடர் பார்க்கிறவர்களைக் கண்டால் இளக்காரம். அதிலும் ஆஸ்பத்திரித் தொடர் என்றால் கேட்கவே வேண்டாம். "வேலை வெட்டி இல்லாதவர்கள் பார்க்கிற சமாசாரம் ஸார்!" என்று புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு சிநேகிதர் தீர்ப்புச் சொன்னார். அவருடைய சம்சாரம் 'ஹார்ட் பீட்' தொடரை ஓர் அத்தியாயம் விடாமல் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

நான் அந்த அம்மாளின் கட்சி. முழுக்க அல்ல; பாதி தூரம்.

'ஹார்ட் பீட்' 2024 மார்ச்சில் ஹாட்ஸ்டாரில் ஆரம்பமாயிற்று. பயிற்சி டாக்டராக ஒரு பெண் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். அங்கே அதிகாரம் செய்கிற பெரிய டாக்டரம்மாள்தான் தன்னைப் பெற்றுக் கைவிட்டவள். இந்த முடிச்சு ஒன்றை வைத்துக்கொண்டு 100 அத்தியாயம் ஓடி, 2025-இல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. 100 என்றால் மலைக்க வேண்டாம். அமெரிக்காவில் 'கிரேஸ் அனாடமி' 2005-இல் தொடங்கி இருபது வருஷத்தைத் தாண்டிவிட்டது. 'ஜெனரல் ஹாஸ்பிடல்' 1963-இல் தொடங்கியது; அதைப் பார்க்க ஆரம்பித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பார்க்கிறார்கள்.

இத்தனை ஜனங்களைக் கட்டிப் போடுவது எது? வைத்திய ஞானம் கிடைக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. நல்ல ஞானம்! டெலிவிஷனில் நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி ஓட வைக்கும் காட்சிகளை அமெரிக்க டாக்டர்கள் சிலர் உட்கார்ந்து எண்ணி, 1996-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிஸின்' பத்திரிகையில் கணக்குக் கொடுத்தார்கள். மூன்று நிகழ்ச்சிகள், 97 அத்தியாயங்கள். நூற்றுக்கு 75 பேர் அங்கேயே பிழைத்துக்கொண்டார்கள். 67 பேர் வீட்டுக்கே போனதாகத் தோன்றியது. நிஜ ஆஸ்பத்திரிகளில் அப்படி இதயம் நின்றவர்களில் வெகுநாள் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 15-ஐத் தாண்டவில்லை. ஞானத்துக்காக யாரும் பார்க்கவில்லை, ஸ்வாமி!

விடை வேண்டுமானால் கோரிமேட்டுக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் வைத்தியப் பள்ளி வைத்த ஊர் இது. அந்தப் பரம்பரையில் வந்த ஜிப்மரை 1964 முதல் மத்திய சர்க்கார் நடத்துகிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஜனங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து, எக்ஸ்ரே படத்தைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். பெரிய வைத்தியம்; ஏழைகளின் நம்பிக்கை. ஆனால் வரிசையின் நீளம் அப்படி. "எத்தனை நாளாய் வலி?" என்று டாக்டர் கேட்கிறார். கிழவி, மாட்டுக்குப் புல்லறுக்கப் போன நாளிலிருந்து ஆரம்பிக்கிறாள். நாளும் நட்சத்திரமும் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு எழுதியாகிவிட்டது. டாக்டர் பேரில் தப்பு இல்லை. கிழவி பேரிலும் இல்லை.

தொடரில் வரும் டாக்டர் என்ன செய்கிறார்? நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கட்டில் விளிம்பில் உட்காருகிறார். வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்பட்டவர், என்னவோ உறுத்தித் திரும்பி வந்து பார்க்கிறார். அவருக்கு நேரம் இருக்கிறது! காசு கொடுத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் நமக்குக் கிடைக்காத வஸ்து அது. சிநேகிதரின் சம்சாரம் கண் கொட்டாமல் பார்ப்பது இதைத்தான். பசித்தவன் பந்தியைப் பார்ப்பதை அசட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மேல்தான் எனக்கும் தொடர் எடுப்பவர்களுக்கும் வழக்கு.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-இல் வந்தது. அதுவும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிற கதைதான்; அங்கேயும் காதல்தான். ஆனால் கட்டிலில் கிடக்கிற முத்துராமனுக்குக் கதையில் பங்கு உண்டு. தான் செத்தால் மனைவியின் கதி என்ன என்று அவன் யோசிக்கிறான். அந்த யோசனையால் கதை திரும்புகிறது. கடைசியில் நோயாளி பிழைக்கிறான், டாக்டர் போய்விடுகிறார். படம் முடிந்தது.

தொடருக்கு முடிய உத்தரவு இல்லை. ஆகவே டாக்டர்கள் வருஷக் கணக்கில் நிலைக்க வேண்டும். நோயாளி ஓர் அத்தியாயம், மிஞ்சினால் இரண்டு. அவனுடைய வயிற்றுக் கட்டி எதற்கு? இரண்டு பயிற்சி டாக்டர்கள் ஊடல் தீர்ந்து ஒன்று சேருவதற்கு! வாரா வாரம் தொடர்கதை எழுதியவனுக்கு இந்த நிர்ப்பந்தம் தெரியாததல்ல. அதற்காக இப்படியா? கேட்க ஒரு காது கிடைக்காதா என்று ஏங்கி வந்தவர்களை உட்கார்த்தி வைத்து, டாக்டர்களின் மனக்குறையை நாம் கேட்கும்படி செய்துவிட்டார்கள்.

இன்னும் ஒன்று. பணம் கட்டுகிற ஜன்னலை இந்த வகைத் தொடர்களில் தேடிப் பார்த்தால் அகப்படுவது அபூர்வம். ஆயா, வார்டு பாய் எல்லாம் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற கைகள், முகம் கிடையாது. தாழ்வாரத்தில் பாயை விரித்துத் தூக்குவாளியோடு ராத்திரி படுத்திருக்கிற உறவினர்? காணோம். நம் ஊர் ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் அவர்கள்தானே?

நூறில் ஓர் அத்தியாயத்தை அந்தக் கிழவிக்குக் கொடுக்கட்டும் என்கிறேன். முதல் பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கட்டும்; மாட்டையும் புல்லையும் அவள் சொல்லி முடிக்கட்டும். அழகான டாக்டர் நடுவில் இரண்டு நிமிஷம் வந்து போனால் போதும்.