யார் காசில் யாருக்குச் சொகுசு?

"கொஞ்சம் கூடக் கொடுங்கள், மகாராஜாவைப்போல் பயணம் செய்யுங்கள்!" இதுதான் இன்றைக்கு நாடெங்கும் கேட்கிற கூப்பாடு. விமானத்தில் காலை நீட்டிப் படுக்கும் ஆசனமாம். நட்சத்திர ஹோட்டலில் நீச்சல்குளத்தைப் பார்த்த அறையாம். எல்லாம் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறதாம். செல்போனைத் திறந்தாலும் இந்த விளம்பரம்தான். வண்ணார்பேட்டை நாற்சந்தியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் இந்த விளம்பரம்தான்.

யாருடைய கைக்கு எட்டுகிறது? பஞ்சு தூசியில் இருமிக்கொண்டே மூன்று ஷிப்டு பார்க்கிற மில் தொழிலாளியின் கைக்கா? தாமிரபரணி வாய்க்கால் வரப்பில் குனிந்து நாற்று நடுகிற தாய்மார்களின் கைக்கா?

தோழர்களே, இதை வெறும் பணக்காரர் விவகாரம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தச் சொகுசுக்கு நாமும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எப்படி என்று கணக்குப் பார்ப்போம்.

மாளிகைக்குச் சலுகை, லாட்ஜுக்கு வரி!

2019 செப்டம்பர் 20. கோவாவில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஹோட்டல் அறைக்கு அதுவரை 28 சதம் வரி. அதை 18 சதமாகக் குறைத்தார்கள். அதே நாளில், அதே கோவாவில்தான் கம்பெனி முதலாளிகளின் வருமான வரியையும் 30 சதத்திலிருந்து 22 சதமாகக் குறைப்பதாக மத்திய நிதி அமைச்சர் அறிவித்தார். ஒரே நாளில் இரண்டு விருந்து!

ஏழையின் அறைக்கு என்ன செய்தார்கள்? ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு வரியே இல்லாமல் இருந்தது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தாயைச் சேர்த்துவிட்டு, இரவில் உடம்பைச் சாய்க்க ஓர் இடம் தேடுகிறவன் தங்குவது அந்த அறையில்தான். திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறவன் தங்குவதும் அதில்தான். 2022 ஜூலை 18 முதல் அதற்கு 12 சதம் வரி போட்டார்கள். பையில் அடைத்து விற்கும் அரிசிக்கும் தயிருக்கும் 5 சதம் வரி போட்டதும் அதே நாளில்தான்.

"2025 செப்டம்பரில் குறைத்துவிட்டோமே" என்பார்கள். ஆம், 12 சதத்தை 5 சதமாக்கினார்கள். ஆனால் தொடக்கத்தில் அது பூஜ்யமாக அல்லவா இருந்தது? முடிவாக நிற்கும் கணக்கு என்ன? மாளிகை அறைக்கு வரி 10 சதம் குறைந்தது. லாட்ஜ் அறைக்கு 5 சதம் கூடியது. மூன்று வருஷம் பறித்ததையும் திருப்பித் தரவில்லை. இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்!

முன்வரிசை ஆசனத்துக்குப் பணம் கட்டுவது யார்?

விமானத்தின் முன்வரிசையில் உட்காருகிறவர்களில் பலர் தம் சட்டைப் பையிலிருந்து காசு கொடுப்பதில்லை. டிக்கெட் கம்பெனி கணக்கில் வருகிறது. கம்பெனி அதைத் தொழில் செலவு என்று எழுதுகிறது. செலவு கூடினால் கணக்கில் லாபம் குறையும். லாபம் குறைந்தால் கட்டவேண்டிய வருமான வரியும் குறையும். டிக்கெட்டுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யையும் கம்பெனி தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்த வகுப்புக்கான வரியை 2025 செப்டம்பரில் 18 சதமாக உயர்த்தினார்களே என்று சிலர் மார்தட்டுகிறார்கள். கழித்துக்கொள்ளக்கூடிய வரி 12 ஆனால் என்ன, 18 ஆனால் என்ன?

தொழிலாளி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிற செலவை எந்தக் கணக்கில் கழிப்பது? அவன் வேலைக்குப் போகாவிட்டால் தறி ஓடுமா? அந்தச் செலவு தொழில் செலவு இல்லையா? முதலாளியின் பயணம் "தொழில்". தொழிலாளியின் பயணம் அவன் தலைவிதி! தொழிலாளி உழைத்து உண்டாக்கிய உபரியில்தான் முன்வரிசை ஆசனம் நீள்கிறது. போனஸ் கேட்கிற நாளில் மட்டும் அதே கம்பெனி "லாபமில்லை" என்று கையை விரிக்கிறது.

ரப்பர் செருப்பும் ஆகாய விமானமும்

ரப்பர் செருப்புப் போட்டவனும் விமானத்தில் பறப்பான் என்று 2017இல் பிரதமர் வாக்களித்தார். உடான் என்று திட்டத்துக்குப் பெயர். இதைப் பற்றிய மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை 2023இல் வெளிவந்தது. திட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டுச் சலுகைக் காலத்தை முழுதும் ஓடி முடித்தவை 112. அதற்குப் பின்னும் 2023 மார்ச்சில் தாக்குப்பிடித்து ஓடியவை 54. நூற்றுக்கு ஏழு! செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

மலிவு டிக்கெட் என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று தூத்துக்குடிக் கடல் நமக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறது. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம் என்றது, கையில் குடையும் கொடுக்கிறோம் என்றது. ஜனங்கள் மேல் பாசமா? போட்டியாளனைக் கடலில் மூழ்கடிக்கத்தான்! சுதேசிக் கப்பல் முறிந்த பிறகு இலவசமும் இல்லை, குடையும் இல்லை.

இன்று உள்நாட்டு விமானப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இண்டிகோ என்ற ஒரே கம்பெனியின் பிடியில் இருக்கிறார்கள். 2025 டிசம்பரில் என்ன நடந்தது? விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரவேண்டும் என்ற விதி வந்தது. அதற்குத் தேவையான ஆட்களைக் கம்பெனி ஏற்பாடு செய்துவைக்கவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்றக் கம்பெனிகளின் டிக்கெட் விலை வானத்துக்கு ஏறியது. சர்க்கார் கட்டணத்துக்கு உச்சவரம்பு கட்டவேண்டி வந்தது. கூடவே ஓய்வு விதியையும் தளர்த்திக் கொடுத்தது! சொகுசு விமானத்தை ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் கூடச் சொந்தமில்லை.

நம்முடைய ரயில் எங்கே?

2023 செப்டம்பர் 24 அன்று நெல்லைக்கும் சென்னைக்கும் வந்தே பாரத் ரயில் விட்டார்கள். தொடங்கியபோது சாதாரண இருக்கைக்கே 1,600 ரூபாய்க்கு மேல். உயர் வகுப்புக்கு 3,000 ரூபாய்க்கு மேல். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். விவசாயத் தொழிலாளி ஒருவர் அதில் சென்னைக்குப் போகவேண்டுமானால் ஏறத்தாழ ஐந்து நாள் கூலியை எடுத்து வைக்கவேண்டும். உயர் வகுப்பானால் ஒன்பது நாள். திரும்பி வருவதற்கு இன்னும் அவ்வளவு!

வேகமான ரயில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரட்டும். ஆனால் மறுகையால் பறித்ததென்ன? 2020 மார்ச்சில் முதியோர் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். அறுபது வயது ஆணுக்கு 40 சதமும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு 50 சதமும் இருந்த சலுகை அது. தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த கணக்குப்படி, 2025 பிப்ரவரி வரை இதனால் ரயில்வேக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் 8,900 கோடி ரூபாய்க்கு மேல். கிழவன் கிழவியின் இடுப்பு முடிச்சை அவிழ்த்து எடுத்த காசு!

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளுக்கு "எக்ஸ்பிரஸ்" என்று பெயர் சூட்டினார்கள். நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கும் செங்கோட்டைக்கும் போகிறவர்கள் பத்து ரூபாய்க்குப் பதிலாகக் குறைந்தபட்சம் முப்பது ரூபாய் கொடுத்தார்கள். வண்டியும் அதே, பெட்டியும் அதே, நிற்கிற ஊரும் அதே. பெயர் மட்டும் உயர்ந்தது, கட்டணம் மும்மடங்கானது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஏழைக்குக் கிடைத்த "வகுப்பு உயர்வு" இதுதான்!

சுகத்துக்கு நாம் எதிரிகளா?

"உங்களுக்குப் பொறாமை. நீங்கள் வறுமையைக் கும்பிடுகிறவர்கள்" என்று சில புத்திசாலிகள் சொல்வார்கள். பச்சைப் பொய்! சுத்தமான படுக்கை, தண்ணீர் வருகிற கக்கூஸ், கால் வைக்க இடமுள்ள பெட்டி, வருஷத்தில் பத்து நாள் பிள்ளைகளோடு கடலும் மலையும் பார்க்கிற ஓய்வு: இவை மனிதனுக்குரியவை. மனிதனுக்குரியதைப் பணக்காரனுக்குரியதாக ஆக்கியிருக்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

சிலர் நம் பிள்ளைகளிடம், "மாதத் தவணையில் போய் வா, பிறகு கட்டிக்கொள்" என்று ஆசை காட்டுகிறார்கள். மூன்று நாள் ராஜா வேஷம், முந்நூறு நாள் வட்டி! கடன் வாங்கி ஒருவன் முன்வரிசைக்குப் போவதால் பின்வரிசை ஒழிந்துவிடாது.

ஓய்வும் பயணமும் விளம்பரத்தில் வந்தவை அல்ல, போராட்டத்தில் வந்தவை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு அவர்கள் வென்றெடுத்தது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை! 1936 ஜூனில் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை சட்டமாயிற்று. அதே ஆண்டு விடுமுறைப் பயணத்துக்கு ரயில் கட்டணத்தில் 40 சதம் தள்ளுபடியும் கிடைத்தது. அதுவரை கடலையே பார்த்திராத தொழிலாளிக் குடும்பங்கள் கடற்கரைக்குப் போயின.

ஆகவே நாம் கேட்பதும் இதுதான். முதியோர் சலுகையை மீண்டும் கொடு! ஒவ்வொரு தொலைதூர ரயிலிலும் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்டு! ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு வரியை அடியோடு நீக்கு! காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு விடுமுறை கொடு!

மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இந்தக் கணக்கைப் பேசுங்கள். மகாராஜாவைப்போல் போக நமக்கு ஆசையில்லை. மனிதனைப்போல் போகவேண்டும். ஒருவர் இருவர் அல்ல, எல்லோரும்!