சிட்டையும் பேரேடும்

ஆரையம்பதியில் வாவிக்கரையோரம் சிறு பலசரக்குக் கடை நடத்தும் அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய மகன் நம் மாணாக்கன். தாயின் கடன் கொப்பிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைத் தானே ஆக்கிக் கொடுத்தான். சில மாதம் நன்றாகவே நடந்தது. கணக்குப் பெருகப் பெருக, ஒவ்வொரு பதிவின்போதும் திரை உறைந்து நின்றது. ஒருநாள் மாலை, ஆட்கள் காத்து நிற்க, அம்மையார் பொறுமையிழந்து செயலியை மூடிவிட்டார். மீண்டும் திறந்தபோது கணக்கிற் பாதியைக் காணவில்லை. “இனி யாரிடம் போய் எவ்வளவு என்று கேட்பேன், சேர்?” என்று அவர் வினவியபோது நமக்கு விடை தோன்றவில்லை.

நேர்ந்த பிழை இரண்டு. செயலிக்குள் வேலை ஓடும் வழியை இழை என்பர். திரையை வரையும் முதன்மை இழையிடமே கணக்கெழுதும் வேலையையும் சுமத்தியது முதற்பிழை. விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் தொலைபேசியில், ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லிவிநாடியே. அதற்குள் முடியாத வேலை திரையைத் தடுக்கும். தொடுகைக்கு 5 விநாடிவரை மறுமொழி இல்லையேல், செயலியை மூடலாமா என்று ஆண்ட்ராய்டே கேட்டுவிடும். பழைய கோப்பின் மேலேயே முழுக் கணக்கையும் திரும்ப எழுதியது இரண்டாம் பிழை. இடையில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

பரிகாரம் நம் முன்னோர் கடைகளிலேயே உண்டு. வியாபாரி கொடுக்கல் வாங்கலை உடனே சிட்டையிற் குறிப்பான்; பின்னர் ஆறுதலாகப் பேரேட்டில் ஏற்றுவான். ரிச்சர்ட் ஹிப் என்னும் அமெரிக்கர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம் இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. 2010 முதல் அதிலும் இவ்வழி அமைந்துள்ளது. மாற்றம் முதலில் தனிச் சிட்டைக் கோப்பில் எழுதப்பெறும். பிறகே மூலத்தில் சேரும். இடையில் நின்றுபோனால், மறுமுறை திறக்கையில் முற்றுப்பெற்ற பதிவுகளை ஏற்று, அரைகுறையானதைத் தள்ளிவிடும். எழுதும் வேலையைப் பின்னணி இழையொன்றிடம் ஒப்படைத்தால் திரையும் உறையாது.

ஆயினும் மாணவர்கள் ஒன்றை மறத்தலாகாது. வேலையை ஒப்படைத்த கணமே “சேமிக்கப்பட்டது” என்று திரையிற் காட்டுவது பொய்யாகும். எழுதி முடிந்தமை உறுதியான பின்னரே அச்சொல் தோன்றவேண்டும். அதனை நம்பித்தான் ஒருவர் தொலைபேசியைக் கீழே வைக்கிறார்.

மாணாக்கன் செயலியைத் திருத்திவிட்டான். கடன்பட்டோர் சிலர் தாமாகவே வந்து தொகையைச் சொன்னார்கள், சொல்லாதோரும் உளர். அம்மையார் இப்போது செயலியையும் பாவிக்கிறார். பழைய கொப்பியிலும் எழுதுகிறார். அவரை நாம் குறை கூறோம்.