புதைத்து வைத்த தாலந்து

கல்வியென்பது கொடுக்குந்தோறும் வளர்வது, கொடாக்கால் தேய்வது என்று நம் கலாசாலைச் சொற்போர் மேடைகளில் ஆண்டுதோறும் கேட்டு வருகின்றோம். கேட்டுக் கைதட்டுதலோடு நம் கடமை முடிந்துவிடுகின்றது. கொடுத்தோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்வது அரிது. நற்செய்தி நூலிலே தாலந்துகளின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஒரு தாலந்தைப் பெற்ற ஊழியன் அதனைக் களவாடினானல்லன், சூதில் தோற்றானுமல்லன், பழுதுபடாது மண்ணிலே புதைத்து வைத்தான். அப்புதைத்தலே அவன் குற்றமாயிற்று. காலநிலை மாற்றத்தின் தீங்கினின்றும் மக்களைக் காத்தற்பொருட்டு நாடுகள் வகுக்குந் திட்டங்களைப் பற்றிச் சிந்திக்குமிடத்து இவ்வுவமையே எம் நெஞ்சில் எழுகின்றது. திட்டம் எத்துணைச் செவ்விதாக வரையப்பட்டிருப்பினும், அதற்கு வேண்டிய அறிவு அலுவலகத்தினின்று குடிசைக்கும், குடிசையினின்று அலுவலகத்திற்கும் இடையறாது செல்லாதாயின், அது புதைத்து வைத்த தாலந்தேயாம். அவ்வறிவைச் செலுத்துங் கடன் பொறியியலாரையும் அரசினரையும் மட்டுமன்றித் தமிழ் கற்போராகிய நம்மையுஞ் சாரும் என்பதே யாம் ஈண்டு நிறுவப் புகுவது.

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வார்க்கு இருவேறு பணிகள் உள. புகையையும் கரியமில வாயுவையும் குறைத்து வெப்பத்தின் பெருக்கைத் தடுத்தல் ஒன்று. இதற்குள் நேர்ந்துவிட்ட மாற்றத்திற்கும் இனி நேரவிருக்கும் மாற்றத்திற்குந் தக நம் வாழ்வை அமைத்துக்கொள்ளுதல் மற்றொன்று. இதனைத் தகவமைவு என்பர். நாடுகள் தமக்கெனத் தேசியத் தகவமைவுத் திட்டம் வகுத்துக்கொள்ளும் முறை, 2010-ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டுக் கான்கூன் நகரிற் கூடிய மாநாட்டில் ஏற்படுத்தப்பட்டது. 2015-ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை தன் ஏழாம் உறுப்பிலே, இப்பணிக்குச் சிறந்த அறிவியலோடு மரபறிவும் அவ்வவ்வூர் மக்களின் அறிவும் வழிகாட்டல் வேண்டும் என்றும், நாடுகள் தம் பட்டறிவைத் தம்முட் பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்றும் கூறுகின்றது. நம் இந்திய நாடும் 2008-ஆம் ஆண்டில் எட்டு இயக்கங்களைக் கொண்ட தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. ஆதலின் ஏடுகளுக்குக் குறைவில்லை. ஏட்டிற்கும் வீட்டிற்கும் இடையே உள்ள தொலைவே குறை.

அத்தொலைவைக் கடந்த நாடொன்றை முதற்கண் காண்போம். 1970-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அந்நாளிற் கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட வங்கதேசத்தின் கரையைப் பெரும்புயலொன்று தாக்கியது. மாண்டோர் 3,00,000-க்குக் குறையார் என்பர். ஈராண்டு கழித்து, 1972-இல், அந்நாட்டு அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் கூடிப் புயற்காப்புத் தொண்டர் படையொன்றை அமைத்தன. துறைமுகங்களில் ஏற்றப்பெறும் எண் அடையாளங்கள் கப்பல் மாலுமிகளுக்கென ஏற்பட்டவை. உழவனுக்கும் மீனவனுக்கும் அவை விளங்கா. எனவே தொண்டர் அவற்றைக் கொடிகளாக மாற்றினர். இடர் மிகுமளவிற்கு ஒன்று, இரண்டு, மூன்றெனக் கொடிகள் ஏறும். ஒலிபெருக்கியைக் கையிலேந்தி அவர் வீடுவீடாகச் சென்று தம் மக்களின் மொழியிலேயே அறிவுறுத்தினர்.

ஆயினும் 1991-ஆம் ஆண்டிலே மற்றொரு புயலில் ஏறத்தாழ 1,38,000 மக்கள் மடிந்தனர். காப்பிடங்கள் போதாமை ஒரு காரணம். உள்ள காப்பிடத்திற்கும் பலர் செல்லாமை மற்றொரு காரணம். ஏன் சென்றிலர்? ஆவையும் ஆட்டையும் விட்டுவர ஏழையின் மனம் ஒவ்வவில்லை. ஆடவர் நெருங்கிய கூடத்தில் தங்கப் பெண்டிர் நாணினர். இவ்வுண்மை எந்த வானிலைக் கருவியிலும் பதிவாவதன்று. மக்களைக் கேட்டே அறிதற்பாலது. கேட்டறிந்தபின் கால்நடைக்கு மேட்டு நிலமும், பெண்டிர்க்குத் தனியிடமும் காப்பிடங்களிற் சேர்ந்தன. தொண்டர் படையிலும் பெண்டிர் மிகுந்தனர். 2007-ஆம் ஆண்டின் சிதர்ப் புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400. 2020-ஆம் ஆண்டின் ஆம்பன் புயலின்போது 20 இலட்சத்திற்கு மேற்பட்டோர் முன்னரே காப்பிடம் புகுந்தனர். அந்நாட்டில் மாண்டோர் சில பதின்மரே. ஓர் உயிர் போயினும் இழப்பே. எனினும் இலட்சங்களினின்று பதின்மர் அளவிற்கு இறங்கியமை, செல்வத்தினும் சிறப்பாக, இருவழியும் சென்ற அறிவினால் எய்திய பேறென்பதை மறுப்பார் யார்?

இனி நம் கரைக்கு வருவோம். புதுச்சேரிப் பகுதியிலே நல்லவாடு என்னும் மீனவர் ஊர் ஒன்றுண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் அங்கு அறிவு மையம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. கடல் அலையின் உயரம் முதலிய செய்திகளை ஒலிபெருக்கியின் வாயிலாக ஊரார்க்கு உரைப்பது அதன் நாட்பணி. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், சிங்கப்பூரில் வாழ்ந்த அவ்வூரார் ஒருவர் கடல் பொங்கிய செய்தியறிந்து தம் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்தெச்சரித்தார். ஊரார் அம்மையத்தின் ஒலிபெருக்கியை இயக்கி அனைவரையும் வெளியேறச் செய்தனர். 3,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் பிழைத்தன. ஆழிப்பேரலை காலநிலை மாற்றத்தால் விளைவதன்று என்பதை யாம் அறிவோம். ஆயினும் அது கற்பிக்கும் பாடம் புயலுக்கும் வெள்ளத்திற்கும் பொருந்தும். நாடோறும் சிறு செய்தியைக் கேட்டுப் பழகிய செவியே பெருஞ்செய்தியைக் கேட்டவுடன் நம்பும்.

செய்தி எட்டாத இடத்து நேர்வது யாது? 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் குமரிமுனைக்கு அண்மையில் எழுந்த ஒக்கிப் புயல் மிகக் குறுகிய பொழுதிலே வலுவுற்றது. தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் அதற்குப் பன்னாள் முன்னரே கடலேகியிருந்தனர். கரையில் விடுத்த எச்சரிக்கை கரையிலேயே நின்றது. கைப்பேசிக்கும் எளிய வானொலிக் கருவிக்கும் அத்துணைத் தொலைவு எட்டாது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் மீளவில்லை. அதன்பின் 2019-இல், துணைக்கோளின் வழியே எச்சரிக்கை பெறுங் கருவியொன்று ஆழ்கடற் படகினர்க்கென வெளியிடப்பட்டது. அது செய்தியைப் பெறவல்லதேயன்றி அனுப்பவல்லதன்று. பின்னரே இருவழியும் செய்தி செல்லுங் கருவிகள் படகுகளிற் பொருத்தப்படலாயின. கேட்பதோடு சொல்லவும் மீனவனுக்கு உரிமையுண்டு என்பதை நாம் சிறிது காலந் தாழ்த்தே உணர்ந்தோம்.

சென்ற விடுமுறையில் எம் வகுப்பினர் சிலர் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மூதாட்டி ஒருவர் எமக்கு மோர் தந்து உபசரித்தார். மழைக்காலத்து எச்சரிக்கைகள் அவ்வூரை எட்டுகின்றனவா என்று வினவினோம். “எட்டாமல் என்ன, தம்பிமாரே? சிவப்பு என்றார்கள், ஆரஞ்சு என்றார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வருமா, கழுத்துக்கு வருமா என்று ஒருவரும் சொல்லவில்லையே” என்றார் அவர். பின்பு தம் வீட்டுச் சுவரிலே கரியாற் கீறிய மூன்று கோடுகளைக் காட்டினார். மூன்று வெள்ளங்களில் நீர் நின்ற உயரங்கள் அவை. கீழ்க்கோடு அவர் மணமாகி வந்த புதிதிலும், மேற்கோடு சில ஆண்டுகளுக்கு முன்னரும் இட்டவை. அக்கோடுகளை அளந்து சென்றார் எவரேனும் உண்டோ என்று கேட்டோம். “நீங்கள்தான் முதலில் கேட்டவர்கள்” என்றார். நாம் நாணித் தலைகுனிந்தோம். அலுவலகத்தின் சிவப்பு அவருக்குப் பொருள்படவில்லை; அவர் சுவரின் கரிக்கோடு அலுவலகத்திற்குத் தெரியவில்லை. இரண்டும் மெய்யறிவே, இரண்டும் புதையுண்டு கிடந்தன.

நம் முன்னோர் இவ்வாறு புதைத்திலர். உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரியைக் காக்கும் ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை ஊரறியப் பொறித்துவைத்துள்ளன. தமிழ்நாட்டிலுள்ள ஏறத்தாழ 39,000 ஏரிகள், மடை திறப்போனும் நீர் பாய்ச்சுவோனும் வழிவழியாக அறிந்த அறிவால் நின்றவை. பிற்காலத்தில் ஆங்கிலேயர் சென்னையில் அமைத்த வானாய்வுக்கூடத்தின் 1792-ஆம் ஆண்டுக் கருங்கற்றூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை மையத்தில் நிற்கின்றது. அதிலே இலத்தீன் முதலிய மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கின்றனர். அயலார் நட்ட தூணுக்கும் தமிழ் வேண்டியிருந்தது. நம் ஊரைக் காக்கும் திட்டத்திற்குத் தமிழ் வேண்டாவோ?

ஈண்டு ஆனர்ஸ் வகுப்பினராகிய எம்மையே யாம் கடிந்துகொள்ளல் வேண்டும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்ததைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதுகின்றோம். நெய்தலின் கருப்பொருள்களை அடுக்குகின்றோம். ஆனால் இன்றை நெய்தல் நிலத்தான் காற்றை வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனப் பிரித்தறிவதையும், நீரோட்டத்தை நீவாடு என வழங்குவதையும் நம்முள் எத்துணையர் அறிவர்? காற்றின் திசையும் காலமும் பிறழுமாயின் அதனை முதலில் உணர்வோன் அவனே. அவன் சொல்லை அறிவியலாரின் சொல்லோடு இணைக்கவல்லார், இரு மொழியும் பயின்ற மாணவரன்றி வேறு யார்?

சிலர் இதனை மறுத்துரைப்பர். நுண்ணிய அறிவியற் செய்தியைப் பொதுமக்கள்பால் விடுத்தால் வீணச்சம் விளையும் என்பது அவர் கூற்று. அச்சம் விளைவது செய்தியாலன்று, அரைச் செய்தியால். முழுச் செய்தியை மறைக்குமிடத்தே வதந்தி புகுந்து குடியேறும். வங்கத்து ஏழை மூன்று கொடியின் பொருளறிந்து அமைதியாகக் காப்பிடம் புகுவானாயின், நம்மவர் மட்டும் அறிவிற் குறைந்தவரோ? கைப்பேசி இல்லாத வீடில்லாத இக்காலத்தில் பகிர்வதற்கு இன்னும் என்ன உளது என்பர் வேறு சிலர். வெள்ளத்தில் தத்தளிப்பானுக்கு எங்கும் நீரே, குடிநீரோ இல்லை. செய்தியின் பெருக்கமும் அத்தகையதே. தன் தெருவிற்கு வேண்டிய ஒரு செய்தி, தனக்கு விளங்குஞ் சொல்லில், தான் நம்புவார் வாயினின்று வருதலே பகிர்வு எனப்படும். ஊர்ப்புற அறிவெல்லாம் துல்லியமானதோ என்பர் மற்றுஞ் சிலர். அன்று, பழைய குறிகள் பல இன்றைய மாறிய பருவத்திற்குப் பொய்த்தலுங்கூடும். அதனாலன்றோ இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கல் வேண்டுமென்கின்றோம். மூதாட்டியின் கோட்டை அளந்த பின்னரே அது சரியோ பிழையோ என்று கூறவியலும்.

ஆயின் நாம் செய்யக்கூடியது யாது? பெரிய செயல்களைச் சொல்லி ஆர்ப்பரிக்க விரும்பேம். நம் கலாசாலை முற்றத்தில் மழைமானி ஒன்றை நிறுவி, நாடோறும் பெய்த மழையின் அளவை அறிவிப்புப் பலகையில் எழுதுதல் இயலும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நால்வகை எச்சரிக்கையின் பொருளை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவாரிடம் படித்துக் காட்டுதல் இயலும். மீளும்போது வெறுங்கையோடு மீளாமல், தம் ஊரின் வெள்ளக் குறியையும், வற்றிய கிணற்றையும், மாறிய விதைப்புக் காலத்தையும், அவற்றை ஊரார் சொல்லும் சொல்லோடு ஒரு பக்கம் எழுதிக் கொணர்தலும் இயலும். தமிழ்த் துறையினர் அச்சொற்களைத் தொகுக்கட்டும். அறிவியல் துறையினர் அவ்வளவுகளை ஆராயட்டும். தொகுத்ததன் படியொன்று மாவட்ட ஆட்சியர்க்கும், மற்றொரு படி தந்த ஊருக்கே திரும்பவும் செல்லட்டும். பெற்றுக்கொண்டு திருப்பித் தாராமை கல்விக்கு அழகன்று. உயர்பதவிகளில் இருக்கும் நம் பழைய மாணவர், இத்தகைய திட்டங்களின் சுருக்கம் மாவட்டந்தோறும் தமிழில் வெளிவரவும் கிராமசபையிற் படிக்கப்படவும் தம்மால் இயன்றதைச் செய்வாராயின், அஃது இக்கலாசாலைக்கு அவர் இறுக்கும் கடனாகும்.

எகிப்து நாட்டிலே வரப்போகும் பஞ்சத்தை முன்னறிந்த யோசேப்பு, அவ்வறிவைத் தன் நெஞ்சில் மறைத்துத் தன்னை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. அதனை அரசனுக்குரைத்தான், அரசன் அதனைச் செயலாக்கினான், நாடு முழுதும் களஞ்சியம் எழுந்தது, அயல்நாட்டாரும் உண்டு பிழைத்தனர். முன்னறிவு கருணையாக மாறுவது பகிரப்படும்போதே. அம்மூதாட்டியின் சுவர் அடுத்த மழைக்காலத்திற்குள் வெள்ளையடிக்கப்படலாம். வீடே விழவும் நேரலாம். கோடு அழியுமுன் அளவுகோலோடு செல்வோர் நம்முள் எவர்?