கூச்சல் போட்டதே வினை! கூண்டுக்குப் போகும் 'சிரிப்பான்' பறவைகள்

கூட்டமாக இருந்தால் ஆபத்து அண்டாது என்பார்கள். சுமத்ரா சிரிப்பான் பறவைக்கு நடப்பதோ தலைகீழ்!

இந்தோனேஷியாவின் சுமத்ரா தீவு மலைக்காடுகளில் மட்டுமே உள்ள பறவை இது. தலை வெள்ளை, உடம்பு கருப்பு. எப்போதும் கூட்டமாகத்தான் திரியும். ஒன்று குரல் கொடுத்தால் போதும், மற்றவையும் சேர்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிப்பதுபோல் கத்தும்.

அந்தக் கூச்சலே எமனாகிவிட்டது. பிடிப்பவன் தேடி அலைய வேண்டியதில்லை. அதுவே இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏன் இந்த கிராக்கி?

வீடு, மனைவி, குதிரை, குத்துவாள், பறவை ஐந்தும் இருந்தால்தான் ஆண்மகன் என்பது பக்கத்துத் தீவான ஜாவாவில் பழைய பேச்சு. குதிரையும் வாளும் போய்விட்டன. பறவை ஆசை மட்டும் போகவில்லை. ஜாவா வீடுகளில் 6 கோடியே 60 லட்சம் முதல் 8 கோடியே 40 லட்சம் வரை கூண்டுப் பறவைகள் இருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2014-ல் ஜகார்த்தாவில் 3 சந்தைகளில் 3 நாள் எண்ணியபோது 19,036 பறவைகள் விற்பனைக்கு இருந்தன!

முன்பு சீனாவிலிருந்து சிரிப்பான் இனப் பறவைகள் வந்து இறங்கின. பறவைக் காய்ச்சல் பீதியில் அந்த வரத்து குறைந்தது. வியாபாரிகளின் கண் உள்நாட்டுக் காட்டின் மேல் விழுந்தது.

சட்டம் என்ன செய்கிறது?

2018-ல் சுமத்ரா சிரிப்பான் பாதுகாக்கப்பட்ட பறவைகள் பட்டியலில் சேர்ந்தது. பிடித்தாலோ விற்றாலோ சிறை. 2024-ல் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆனாலும் சுமத்ராவிலிருந்து ஜாவாவுக்குப் போகும் பஸ்களிலும் லாரிகளிலும் பெட்டி பெட்டியாகப் பாட்டுப் பறவைகள் பிடிபடுவது நிற்கவில்லை.

2018-ல் இன்னொன்றும் நடந்தது. பறவை வளர்ப்போர் எதிர்ப்புக் கிளப்பியதும், மவுசு அதிகமுள்ள சில பாட்டுப் பறவைகளின் பெயர்களை அரசு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வாங்குகிறவன் கை எவ்வளவு பலமானது என்பது அப்போதே தெரிந்துபோனது.

ஜாவாவுக்கே உரிய சிரிப்பான் இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. சுமத்ரா சிரிப்பானும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. லாரியை மடக்கினால் மட்டும் போதாது. கூண்டு வாங்கும் கை நிற்காதவரை, காட்டில் வலை விரிக்கும் கையும் நிற்காது!