மரணக் கணக்கும் மில் தொழிலாளியும்

ஒரு தேசத்தின் சுகாதார நிலையை அறிய, எத்தனை பேர் மாண்டனர் என்ற கணக்கு மட்டும் போதாது. எதனால் மாண்டனர் என்பதும் தெரிந்தாக வேண்டும். முதற் கணக்கை நம் நாடு ஒருவாறு எழுதி வருகிறது. இரண்டாவது ஏட்டில் பெரும்பாலான பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. 2020-ஆம் வருஷத்தில் இந்தியாவில் பதிவான மரணங்களில், காரணம் இன்னதென்று வைத்தியர் அத்தாட்சி அளித்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே.

இங்கிலாந்தில் ஜனன மரணப் பதிவு 1837-இல் தொடங்கிற்று. வில்லியம் ஃபார் என்னும் அறிஞர் மரணங்களை நோய்வாரியாகவும் தொழில்வாரியாகவும் வகுத்துக் காட்டினார். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் அந்த இலாகாவின் பட்டியலைக் கொண்டே மாண்டோர் வீடுகளைத் தேடிச் சென்று, ஒரு தெருக்குழாயைச் சுற்றி மரணங்கள் குவிந்திருப்பதை நிரூபித்தார். காலராவின் கிருமி இன்னதென்று வைத்திய உலகம் ஒப்புக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே, அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

அந்நிய நாட்டு உதாரணம் எதற்கு என்பாருக்கு நமது தமிழ்நாட்டையே காட்டுவோம். 2001–03-இல் இங்கே லட்சம் பிரசவங்களுக்கு 134 தாய்மார் மாண்டனர். 2018–20-இல் அத்தொகை 54 ஆகக் குறைந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவமும் நல்ல மருந்தும் இதற்குக் காரணங்களே. ஆயினும், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே விசாரித்து, தவறு எங்கே நேர்ந்தது என்று கேட்டதும் அவற்றோடு சேர்ந்த காரணமாகும்.

இந்த விசாரணை மில் தொழிலாளியின் மரணத்துக்கு ஏன் இல்லை? இதுவே நமது கேள்வி. உடுமலைப்பேட்டை நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே ஆயுளைக் கழித்தவர் பலர். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுகுவது அத்தூசி நோயின் ஆரம்பக் குறி. வருஷங்கள் செல்ல, மூச்சுத் திணறல் நிரந்தரமாகிறது. இது நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் வேலையை விட்டுப் பல வருஷங்கள் கழித்து வீட்டில் மாள்பவனுக்கு, ‘வயோதிகம்’ என்றோ ‘ஆஸ்துமா’ என்றோ உறவினர் சொல்வதே காரணமாகி விடுகிறது. ஏட்டில் இல்லாத நோய்க்கு நஷ்டஈடு ஏது? பீடியே காரணம் என்று முதலாளி சொன்னால், மறுக்கத்தான் சான்று ஏது?

1969-ஆம் வருஷத்து ஜனன மரணப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, வைத்திய ஸ்தாபனங்கள் யாவும் மரணக் காரண அத்தாட்சியை இலவசமாக அளிக்க வேண்டுமென்று விதித்தது. நல்ல விதியே, ஆனால் வீட்டில் வைத்தியரின்றி மாள்பவனை அது எட்டாது.

ஆகவே இரண்டு காரியங்களை வற்புறுத்துகிறோம். வீட்டில் நேரும் ஒவ்வொரு மரணத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்தார் நோயின் குறிகளையும் மாண்டவர் செய்த தொழிலையும் விசாரித்து எழுத வேண்டும். மில் தொழிலாளர் யாவருக்கும், தற்காலிக ஊழியர் உட்பட, வருஷந்தோறும் சுவாசப் பரிசோதனை செய்து, அதன் முடிவை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். தொழிற்சங்கத்தாரும் நகரசபை அங்கத்தினரும் இதைக் கட்சிப் பிரச்னையாக்காமல் ஒன்றுகூடிக் கேட்பார்களாக. கூலிக் கணக்கில் ஒரு நாள் விடுபட்டால் பொறுக்காத தொழிலாளர், ஆயுட் கணக்கு விடுபடுவதைப் பொறுத்திருத்தல் தகாது.