முகச்சுளிப்பு அறமாகுமா?

நத்தையின் முட்டையைக் கிலோ 1,000 யூரோவுக்கும் மேல் விலைகொடுத்து வாங்கி உண்போர் ஐரோப்பாவில் உளர் என்று சொல்லிப் பாருங்கள். கேட்போர் இரு சாராராகப் பிரிவர். ஒரு சாரார், “சீச்சீ!” என்று முகஞ்சுளிப்பர். மற்றொரு சாரார், “அவ்வளவு விலையா? அப்படியானால் அதில் ஏதோ சிறப்பு இருக்கத்தான் வேண்டும்” என்று வியப்பர். இருவரும் அதைச் சுவைத்தவர் அல்லர். முன்னவர் பழக்கத்தை அறமென்று மயங்குகின்றனர். பின்னவர் விலையை மதிப்பென்று மயங்குகின்றனர். இரண்டு மயக்கமும் தீங்கானவை என்பதே என் வழக்கு.

முதலில் பொருளை அறிவோம். பிரான்சின் வடக்கே சுவாசோன் நகரையொட்டியும், இத்தாலியின் சிசிலித் தீவிலும் இதற்கெனவே நத்தைப் பண்ணைகள் அமைந்தன. நத்தை ஈரமண்ணில் குழிபறித்து முட்டையிடும். ஓர் ஈட்டுக்கு ஏறத்தாழ 100 முட்டைகள். அத்தனையும் சேர்ந்து 4 கிராம் அளவே நிறையுடையவை. ஒவ்வொன்றும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வெண்மணி. அவற்றைக் கையால் தரம்பிரித்து உப்புநீரில் பதப்படுத்துவர். மழை நனைத்த காட்டு மண்ணின் மணமும் காளானின் சுவையும் அதற்குண்டு என்று உண்டவர் கூறுவர். ஒரு கிலோ திரட்ட ஏறத்தாழ 250 ஈடுகள் வேண்டும். விலை உயர்ந்ததற்கு இந்த அருமையும் கையுழைப்பும் காரணம். அமுதச் சுவை அன்று.

முகஞ்சுளிக்கும் அன்பரைக் கேட்கிறேன். மீன்குழம்பில் சினை கிடைத்தால் யாருக்கு என்று வீட்டில் போட்டியிடுகிறோமே, அது முட்டையன்றி வேறென்ன? சரவாக்கின் நியா குகையிலும் சபாவின் கொமாந்தோங் குகையிலும் எடுக்கப்படும் பறவைக்கூடு உழவாரக் குருவியின் உமிழ்நீரால் ஆனது. அதைச் சீன நண்பர் நோயுற்ற தாய்க்கு அன்போடு காய்ச்சிக் கொடுக்கிறார். மலாய் அண்டை வீட்டார் சிப்புட் செடுட் என்னும் நத்தையைத் தேங்காய்ப்பாலிலும் சிறுமிளகாயிலும் சமைத்து ஓட்டிலிருந்து உறிஞ்சி உண்கின்றனர். ஒருவருக்கு விருந்தாவது மற்றவருக்கு அருவருப்பாவது வளர்ந்த வீட்டைப் பொறுத்ததே.

அருவருப்பு வெறும் சுவை வேறுபாடாக நின்றுவிட்டால் கேடில்லை, அது நிற்பதில்லை. தமிழகத்து வயல்களில் நண்டும் நத்தையும் பொறுக்கி உண்ட உழைப்பாளியை, அவன் உணவைக் காட்டியே இழிந்தவன் என்றது நம் சமுதாயம். அவன் வயிற்றை நிரப்ப வேறொன்றும் கொடாதவர்களே அவன் சட்டியை எட்டிப்பார்த்து ஏளனம் செய்தனர். பசித்தவன் தின்றால் இழிவு. பணக்காரன் வெள்ளித் தட்டில் தின்றால் நாகரிகம்! அப்படியானால் நாம் அருவருத்தது நத்தையையா, மனிதனையா?

விலையை வணங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டர்ஜன் மீனின் சினையாகிய கேவியார் இன்று செல்வர் உணவு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுக்கடைகளில் அதை இலவசமாகவே வைத்தனர் என்பர். அதன் உப்பு தாகத்தைத் தூண்டி மது விற்பனையைப் பெருக்கிற்றாம். பின்னர் அளவின்றிப் பிடித்ததால் மீன் அருகிற்று; அருகியதால் விலை ஏறிற்று; ஏறியதால் பெருமை பிறந்தது. 1998-ஆம் ஆண்டு முதல் ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சுவை மாறவில்லை, மாறியது எண்ணிக்கை. அழிவின் அடையாளத்தை உயர்வின் அடையாளமென்று கொண்டாடுவது அறிவுடைமையாகுமா?

அங்ஙனமாயின் உணவை எதனால் அளப்பது? “இதை உண்பதால் எந்த உயிரினம் அழிகிறது? எந்த மனிதன் இழிவுறுகிறான்?” என்னும் வினாக்களால் அளக்க வேண்டும். இதற்குச் சான்று தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில், தோல் போர்த்த முதுகுடைய பேருருவத் தோணியாமைகள் 1950-களில் ஆண்டுக்கு 10,000 அளவில் கூடமைத்து முட்டையிட்டன. அந்த முட்டைகள் சந்தையில் விற்றன. வாங்கியவர் எவரும் முகஞ்சுளிக்கவில்லை. பல்லாண்டுகள் முட்டைகளைத் திரட்டியதாலும், ஆமைகள் மீன்வலைகளில் சிக்கி மடிந்ததாலும் அந்தக் கரை வெறுமையாயிற்று. எல்லாக் கடலாமைகளின் முட்டை விற்பனைக்கும் அந்த மாநிலம் தடைவிதித்தது 2022-இல்தான். பண்ணை நத்தையின் முட்டைக்குச் ‘சீ’ என்ற நாம், ஆமை முட்டைக்கு என்ன சொன்னோம்?

“எவ்வுயிரையும் உண்ணலாகாது என்போர் நிலை என்ன?” என்று கேட்கலாம். அவர்களை வணங்குகிறேன். வள்ளுவர் புலால் மறுத்தலை அருளோடு பிணைத்தே பேசுகிறார். அருளால் ஊனை மறுப்பவர் நத்தைக்கும் ஆட்டுக்கும் வேறுபாடு காட்டார்; உண்பவனை இகழவும் மாட்டார். ஆட்டிறைச்சியை உண்டுகொண்டே நத்தை உண்பவனைப் பழிப்பவருக்கு அருளின் பெயரைச் சொல்ல உரிமையில்லை.

ஆசிரியப் பெருமக்களே, இது வகுப்பறைக்கும் உரிய வழக்கு. இடைவேளையில் ஒரு மாணவன் உணவுப்பெட்டியைத் திறக்கும்போது, பக்கத்திலிருப்பவன் மூக்கைப் பொத்துகிறான். சுற்றியுள்ளோர் சிரிக்கின்றனர். மறுநாள் அந்தப் பிள்ளை பெட்டியைத் திறப்பதில்லை. அந்தச் சிரிப்பைச் சிறு குறும்பென்று விட்டுவிடாதீர்கள். மனிதனை உணவால் தரம்பிரிக்கும் பழம்பாடம் அங்கேதான் மீண்டும் தொடங்குகிறது.

மாணவர்களே, உங்களுக்குப் பிடிக்காததை உண்ண வேண்டியதில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமையுண்டு. ‘வேண்டாம்’ என்பது உங்கள் தட்டைப் பற்றிய சொல். ‘சீ’ என்பது அடுத்தவன் தட்டைப் பற்றிய சொல். முன்னதை வைத்துக்கொள்ளுங்கள், பின்னதை விட்டுவிடுங்கள்.